மைனஸ் அண்ணாவின் டோக்கன்

பெங்களூரில் இருக்கிற அத்தனை பேரின் கவலையையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார் என்றால், அது எங்கள் மைனஸ் அண்ணாதான். ஆராய்ச்சிக்கூடத்தின் ஸ்டோர் அவர் பொறுப்பு. காலையில் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. "ஃப்ரீசர்ல மைனஸ் எவ்ளோ காட்டுது, பாத்தியா?" என்றுதான் வரும். பெயர் அப்படி வந்ததுதான்.

அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. கீழே இறங்குகிறவரின் டோக்கன் மேலே பலகையில் தொங்கும். ஆள் ஏறி வந்த பிறகுதான் அதை எடுப்பார்களாம். அந்த வழக்கத்தை அண்ணா எங்கள் ஃப்ரீசருக்குக் கொண்டுவந்துவிட்டார். எந்தக் குப்பி வெளியே போனாலும் பலகையில் ஒரு பித்தளை டோக்கன் ஏறும், அதன்மேல் குப்பியின் பெயர் ஒட்டியிருக்கும். அது பத்திரமாகச் சேரும்வரை மனிதர் டீகூடக் குடிக்கமாட்டார்.

இவரிடம்தான் என் புரதம் மாட்டியது. நம் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து திரிகிற புரதம் அது. ஆனால் யார் ரத்தத்திலிருந்தும் எடுத்ததில்லை. மனித மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்துத் தயாரித்தது. கடல் தாண்டி வந்த ஒரே குப்பி. பொடியாக வந்ததைக் கரைத்து உறையவைத்திருந்தேன். உருகினால் என் சோதனை அம்பேல், அதோடு வேலையும் நீடிக்காது.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அண்ணா ஃப்ரீசர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"யாரும் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

சொல்லிவிட்டு அவரே திறந்தார்.

"ஏன்ணா தொறக்கறீங்க?"

"உள்ள சில்லுனு இருக்கா, பாக்க வேணாமா?"

மறுபடி திறந்தார். மறுபடியும். இவர் அக்கறையிலேயே குப்பி உருகிவிடும் என்று பயந்து, அதை டிரை ஐஸ் பெட்டியில் போட்டு, அல்சூரில் தெரிந்த இன்னொரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

ஏரிப் பக்கம் வண்டிகள் அசையவில்லை. என் போன் ஓயவில்லை.

"மூடி மேல கை வெச்சிருக்கியாமா?"

"வெச்சிருக்கேன்ணா."

"எந்தக் கை?"

"ஐயோ அண்ணா!"

"பள்ளம் வந்தா டிரைவர ஸ்வல்ப மெதுவா ஓட்டச் சொல்லு."

"வண்டி நகரவே இல்லணா!"

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, பெட்டியைத் திறந்து பார்த்தேன். "கல்லு மாதிரி இருக்குணா" என்று சொன்ன கையோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. நிம்மதியாக அங்கேயே காபி குடித்து, மழை விட்ட பிறகு, எங்கள் கூடத்தில் விட்டுப்போன பையை எடுக்கத் திரும்பினேன். இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் போயிருந்தார்கள். அண்ணா மட்டும் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"குப்பிதான் பத்திரமா சேர்ந்துடுச்சே, வீட்டுக்குப் போகலையாணா?"

"குப்பி சேர்ந்துச்சு. நீ வரலையே."

பலகையில் ஒரே ஒரு டோக்கன் தொங்கியது. அதில் என் பெயர் ஒட்டியிருந்தது. அவர் எழுந்து அதைக் கழற்றினார். பிறகுதான் டீயை எடுத்தார்.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். மழை நாளில் ஜீவனஹள்ளியில் என் வீட்டுக்குள் கால் வைத்ததும், தலையைத் துவட்டுவதற்கு முன்னால் அவருக்குத்தான் போன் போடுகிறேன்: "வந்துட்டேன்ணா. டோக்கன எடுங்க."