கருந்தேளுக்கு வந்த காமாலை

செம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி அரிகிருஷ்ணனுக்கு,

அக்கா கிளியம்மாள் என் கைப்பட எழுதும் கடிதம். இங்கு தேளைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கு நீ சௌக்கியமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். லெட்டரை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். என் பேரன் விக்கி ஒரு மாத ட்ரெயினிங்குக்கு ஐதராபாத் போகும்போது, அவன் வளர்க்கிற கருந்தேளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அவன் அம்மா கோகிலவாணி எம்.காம். படித்தவள், ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலே கட்டில்மேல் ஏறிவிடுவாள். "ஆயா, உன்னை விட்டா யாரையும் நம்ப முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனான் பிள்ளை. இந்த வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட நம்பி என் கையில் கொடுக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே தேள் பிழைத்தாக வேண்டும். வருகிற சனிக்கிழமை அவன் வந்துவிடுவான்.

முதல் வாரம் ராணி மாதிரிதான் இருந்தது. மண்ணை ஈரமா வெச்சேன், கொட்டாங்கச்சியைக் கவுத்து வெச்சேன், அதான் அதுக்கு வூடு. ஒரு கரப்பான் போட்டா முழுசா தின்னும். அப்புறம் தீனியைத் தொடல, கொட்டாங்கச்சிக்குள்ள போய் முடங்கிக்கிச்சு. ஒரு நாள் காலையில பார்த்தா வெளியில கிடக்குது, உடம்பு பூரா மஞ்சள். கருப்பா இருந்தது மஞ்சளானா இன்னா அர்த்தம்? நம்ம பெரியப்பாவுக்கு வந்ததேதான். கண்ணைப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்னா எது கண்ணுன்னு தெரியல. காமாலைன்னு நானே முடிவு கட்டி, கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு, மோர்ல கலந்து பாட்டில் மூடியில வெச்சேன். தாளிக்கிற வாசனை ஆகாதுன்னு எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பரண்ல போட்டேன். ஒன்பது நாளா வூட்டுக்கே பத்தியம். "அத்தே, தேளுக்கு லிவர் இருக்கான்னு முதல்ல கேளுங்க"ன்னா கோகிலவாணி. "உனக்கு இருக்குதான்னு கேட்டுக்கினா இத்தினி வருஷம் வடிச்சுக் கொட்டினேன்?"ன்னேன். வெக்கிற கரப்பான் எல்லாம் மறுநாள் காணாம போகுது. அவதான் எடுத்துக் கடாசறான்னு எனக்குச் சந்தேகம்.

பெட்டியோட தாம்பரத்துக்கு நாய் டாக்டர்கிட்டயும் போனேன். ஷேர் ஆட்டோவுல "பெட்டியில இன்னா பாட்டி"ன்னு கேட்டாங்க, சொன்னேன். கேம்ப் ரோட்லேர்ந்து ஆட்டோ எனக்கு மட்டும்தான். டாக்டர் தூரத்துலேர்ந்தே பார்த்தாரு. "நான் எங்கம்மா ஊசி போடறது, அதுவே ஊசி வெச்சுக்கினு கீது"ன்னு அனுப்பிட்டாரு.

அதுக்கப்புறம்தான் ஞாயித்துக்கிழமை உனக்கு வீடியோ கால் போட்டேன். நீ இன்னா சொன்ன? "இது கருந்தேளே இல்லக்கா, மஞ்சளா இருக்கு, இது வேற சாதி, விஷம் ஜாஸ்தி, உன் பேரனை யாரோ ஏமாத்திட்டான், தூக்கிப் போடு"ன்ன. முன்னங்கை தடியா இருந்து வால் மெலிசா இருந்தா விஷம் கம்மி, வால் தடிச்சிருந்தா உஷாருன்னு விக்கி எனக்குப் பாடம் சொல்லிட்டுப் போயிருக்கான். இதுக்குக் கை நண்டு மாதிரி கீது, அதே ஆளுதான்னு நான் சொன்னதும், "அப்போ காமாலையாத்தான் இருக்கும், கீழாநெல்லியே குடு"ன்னு சொல்லிட்டு டக்குனு வெச்சுட்ட. இதுக்கா பி.எஸ்ஸி. விலங்கியல்?

எழுபத்தோராம் வருஷம், ஜூன் மாசம், திங்கக்கிழமை. நான் அஞ்சாவது பாஸ் பண்ணி ஆறாவதுக்குக் கிளம்பி நிக்கறேன். "எருமையை யாரு பார்ப்பா, தம்பி படிக்கணும்"னு அப்பா என் பையை வாங்கி உன் தோள்ல மாட்டினாரு. நான் அறுத்த புல்லுலதான் நீ காலேஜ் போன. தவளையை அறுக்கிறேன்னு என் புது அருவாமணையை எடுத்ததும் ஞாபகம் கீது. அந்தப் படிப்புல பாதி என்னுது. அந்தப் பாதியை இப்ப கேக்கறேன். வியாழக்கிழமை காட்டாங்குளத்தூர்ல ரயில் ஏறு, தாம்பரத்துல இறங்கி ஷேர் ஆட்டோ பிடி. புஸ்தகம் இருந்தா எடுத்துக்கினு வா. உசிர் இன்னும் கீது. நீல டார்ச் அடிச்சா தேள் பச்சையா மின்னும்னு விக்கி சொன்னான், தினம் அடிச்சுப் பார்க்கறேன், மின்னுது. மின்னறது நிக்கறதுக்குள்ள வா.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். சந்திரிகாவுக்கு என் ஆசீர்வாதம். என் மகன் கல்யாணப் பந்தியில் அப்பளம் வரவில்லை என்று உன் பெண்டாட்டி பாதியில் எழுந்து போனதை நான் மறந்துவிட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அக்கா
கிளியம்மாள்

பி.கு.: கவரை ஒட்டறதுக்கு முன்னாடி மண்ணை மாத்தலாம்னு கொட்டாங்கச்சியைத் தூக்கினேன். அதுக்கு அடியில கருந்தேள் உக்காந்துகினு கீது, கருகருன்னு, முன்னைக்கு ஒரு சுத்து பெருசா. வெளியில கிடக்கறது அது கழட்டிப் போட்ட சட்டை. குச்சியில தூக்கினேன், வெங்காயத் தோல் கனம்கூட இல்ல. அதுவும் மின்னுது, பாவி. ஒன்பது நாளா நான் ஒரு சட்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கேன். நீ அந்தச் சட்டைக்குச் சாதி சொல்லி, காமாலையும் சொல்லியிருக்க. வியாழக்கிழமை வராதே. என் அஞ்சாவதும் உன் பி.எஸ்ஸியும் பார்த்தது ஒண்ணுதான். அதனால படிப்பைப் பத்தி மேலே எழுதினதை மட்டும் அடிச்சுடு. மத்தது அப்படியே இருக்கட்டும்.