தந்தையர் விடுப்பின் மகத்தான வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாகக் கண்டுபிடித்தது 'தந்தையர் விடுப்பு' ஒன்றைத்தான். பனி கொட்டும் தேசங்களில் அப்பாக்கள் மாதக்கணக்கில் விடுப்பெடுத்துப் பிள்ளை வளர்க்கிறார்களாம். எழுவர் குழு ஒன்று நேரில் போய்ப் பார்த்து, ஆளுக்கொரு கம்பளிக் கோட்டோடு திரும்பி வந்து, "உண்மைதான்" என்று அறிக்கை கொடுத்தது. அரசாணையும் சுகப்பிரசவமாகப் பிறந்தது.

தலைமை எழுத்தர் ஒருவர் மூன்று மாதம் விடுப்பெடுத்தார். சமத்துவத்தின்மேல் அவ்வளவு பற்று! முதல் மாதம் முழுக்க அந்தப் பற்றிலேயே அசந்து தூங்கினார்.

அவர் மனைவிக்கு ஆய்வகத்தில் வேலை. பதவி உயர்வுத் தேர்வை இரண்டு தடவை விட்டவர். ஒரு தடவை மசக்கை, ஒரு தடவை பிரசவம். இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வன்று காலையில்தானா கணவருக்கு அந்த அழைப்பு வரவேண்டும்? 'சமத்துவக் கருத்தரங்கு. தாங்கள் சிறப்புரை ஆற்ற வேண்டும்.'

"ரெண்டே மணி நேரம்தான். பாப்பாவ நீ வச்சுக்கோயேன்."

"எங்க வச்சுக்கறது? கேள்வித்தாள் மேலயா?"

"நான் பேசப்போறதே உன்ன மாதிரி பொம்பளைங்களுக்காகத்தான்!"

"ரொம்பப் புண்ணியமாப் போச்சு. அவளையும் கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க."

குழந்தையை அவர் கையில் திணித்து, துணிப்பையைத் தோளில் மாட்டிவிட்டு, அந்த அம்மாள் போயே போய்விட்டார்.

அரங்கில் இருநூறு தந்தையர், அத்தனை பேரும் விடுப்பில் இருப்பவர்கள். "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று நம்மவர் ஆரம்பித்ததுமே, கையிலிருந்த கண் அவர் சட்டையை நனைத்துவிட்டு வீறிட்டது. ஒலிபெருக்கி அதை இரண்டு மடங்காக்கியது. மனைவிக்குப் போன் அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தேர்வு ஆரம்பமாகிவிட்டது! மனிதர் ஒலிபெருக்கியிலேயே கெஞ்சினார்.

"ஐயா, துணி மாத்தத் தெரிஞ்சவங்க யாராவது மேடைக்கு வாங்களேன்!"

இருநூறு பேரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் கதவருகே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைக் கருத்தரங்கின் தலைவர் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கொஞ்சம் வந்து பிள்ளைய வாங்கிக்கயேன்."

"நான் வேலையில இருக்கேங்க. நீங்கல்லாம்தான லீவு?" துடைப்பம் நிற்கவேயில்லை. "ஆமா, உங்க பிள்ளைங்கல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

முன்வரிசைத் தந்தை ஒருவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"இது என்னம்மா கேள்வி? அதுங்க அம்மாகிட்டதான். நாங்கதான் லீவுல இருக்கோமே!"