நாற்பத்தொரு மன்னரும் எவெலியோவின் இமைகளும்

வாழ்க எவெலியோ! பினார் தெல் ரியோ நகரத்துச் சுருட்டு மண்டபத்தின் மூன்றாம் வரிசை காக்கும் முதல்வன். முப்பத்தோராண்டு புகையிலை உருட்டிப் பழுப்பேறிய பத்து விரல்களின் படைத்தலைவன். வழுக்கைத் தலையில் வியர்வை முத்துகளை முடியாகச் சூடியவன். ‘உப்புச் சிகரத்து அரசி’ என்னும் எண்ணூற்று முப்பத்தொரு பக்க மாயக்கதைக்குத் தன் மானத்தையே ஈடுவைத்தவன். அவன் உறக்கத்தோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுகிறோம். சொல்லின் செல்வியே, பாடி முடிக்கும்வரை எமக்குக் கொட்டாவி வராமல் காத்தருள்க.

அம்மண்டபத்தின் அறம் இது. இருநூறு பேர் இலை உருட்ட, உயர்ந்த மேடையில் அமர்ந்த வாசகி ஒதாலிஸ் காலையில் செய்தித்தாளும் பிற்பகலில் நாவலும் ஒலிபெருக்கியில் வாசிப்பாள். எந்த நாவல் என்பதை உருட்டுவோரின் வாக்கே தீர்க்கும். வாசிப்பு இனித்தால் இலை நறுக்கும் பிறைக்கத்தியால் பலகையைத் தட்டுவர். கசந்தால் கத்தியைத் தரையில் எறிவர். பலர் எறிந்தால் அந்நூல் அன்றே அரியணை இழக்கும்.

மூன்று மாதங்களுக்கு முன், பக்கத்துப் பலகை நியேவெஸ் துப்பறியும் கதையொன்றைக் கொடியாக உயர்த்தியபோது, எவெலியோ உணவுக்கூடத்து நாற்காலிமேல் ஏறி முழங்கினான்:

“கொழந்தைங்க கதைன்னு நெனைக்காதீங்க. அரசிக்கு நாப்பத்தாறு வயசு, முட்டி வலி, ரெண்டு புருஷன். பறக்குற நாகம் வேற இருக்கு. ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

இரண்டே வாக்கு வித்தியாசத்தில் வென்றான்.

“சலிச்சா என் கத்திதான் மொதல்ல விழும், பாத்துக்க,” என்றாள் நியேவெஸ்.

“என் கத்தி ஒருநாளும் விழாதுடி.”

அந்நூலின் பெருமையை என்னென்போம்! முட்டி வலியோடு அரசி குதிரையேறிய நாளில், முட்டி வலியுடைய அனைவரும் பலகை அதிரத் தட்டினர். படுக்கையறைப் பக்கங்களில் ஒதாலிஸ் நாணிக் குரலைத் தாழ்த்தியபோது, ஒலியைக் கூட்டுமாறு பின்வரிசைப் பெண்டிர் ஆணையிட்டனர். அதன் சிறுமையையும் மறைப்பதற்கில்லை. ஒரு கிண்ணம் கஞ்சியை வருணிக்க ஐந்து பக்கம் கொண்டது. குதிரைகள் எண்ணூறு பக்கமும் ஓடின, ஒருநாளும் தின்றில. பகைவன் ஒவ்வொருவனும் வாளை ஓங்கியபின் தன் இளமைக்கால வரலாற்றை உரைத்தான். நியேவெஸ் தனியொருத்தியாக மும்முறை கத்தி எறிந்தாள். மூன்று முறையும் மண்டபம் நகைத்தது.

வந்தது அந்தப் பிற்பகல். எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். உப்புச் சிகரத்தின் வாயிலில் அரசி நின்றாள். இருளுக்குள் நாகத்தின் ஒற்றைக்கண் திறந்தது. இருநூறு விரல்வரிசைகளும் உருட்டலை மறந்தன. அந்தக் கணத்தில் நூலாசிரியர், அவ்வாயிலைக் கட்டிய மன்னர் நாற்பத்தொருவரின் வம்சாவளியைத் தொடங்கினார்.

ஆர்வன் மகன் ஓர்வன், ஓர்வன் மகன் கோர்வன், கோர்வன் மகன் தோர்வன் என்று அரசர் அணிவகுக்க, உண்ட சோறும் கறுப்பு பீன்ஸும் எவெலியோவின் வயிற்றுக்குள்ளிருந்து உறக்கத்துக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டன. ஏழாம் மன்னனில் இமையென்னும் மதில் ஆடியது; தொடையைக் கிள்ளி நிமிர்ந்தான். பதினொன்றாம் மன்னனில் ஆறிய காப்பியை அம்பெனத் தொண்டைக்குள் எய்தான். பதினைந்தில் இலை நரம்பைக் கடித்தான், தன் பெயரைத் தனக்கே சொன்னான், வேலிழந்த வீரன் தேர்ச்சக்கரத்தைப் பற்றியதுபோல் பலகையின் விளிம்பைப் பற்றினான். பத்தொன்பதாம் மன்னன் பட்டமேறியபோது, மலை சாய்வதுபோல் அத்தலை மார்பில் சாய, முப்பத்தோராண்டு நழுவாத கையிலிருந்து கத்தி நழுவித் தரையில் விழுந்து கணீரென ஒலித்தது.

அத்தனை தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

“எவெலியோவே போட்டுட்டான்யா,” என்றாள் நியேவெஸ், மெல்ல.

அவ்வளவுதான். அவன் முகத்துக்காகப் பொறுத்திருந்தோர் அனைவரின் கத்திகளும் ஆலங்கட்டி மழையெனப் பொழிந்தன. ஒதாலிஸ் நூலை மூடினாள்.

அவ்வோசையில் விழித்த வீரன், வெற்றி முழக்கமென்றெண்ணிக் கண்கலங்கினான்.

“நாகம் செத்துடுச்சா?”

“செத்துடுச்சு. நீதான் கொன்னே,” என்றாள் நியேவெஸ்.

“ஐயோ, நான் எறியலப்பா. கை அசந்துடுச்சு.”

“உன் கையி அசந்துச்சு, எங்களுக்கு உசுரே அசந்துச்சு. விழுந்த கத்தி விழுந்ததுதான்யா,” என்றது முதல் வரிசை. ஒருவரும் மறுவாக்குக்கு இசையவில்லை. மறுநாளே துப்பறிவாளன் அரியணை ஏறுவான் என்று முடிவாயிற்று.

வேலை முடிந்ததும் ஒதாலிஸ் மேடையிலிருந்து இறங்கி, செங்கல்லை ஒத்த அந்நூலை அவன் கையில் வைத்தாள்.

“பத்தொம்பது பக்கந்தான் ராசா மிச்சம். நீயே படிச்சுக்க. அவ பொழைக்கிறாளா இல்லையான்னு எனக்கும் வந்து சொல்லு.”

ஞாயிறு புலர்ந்தது. நீராடி, வெள்ளைச் சட்டை பூண்டு, காப்பிக் குடுவையை வலப்பக்கமும் குளிர்நீர்ச் செம்பை இடப்பக்கமும் காவல்நிறுத்தி, ஆடுநாற்காலி என்னும் தேரேறி அமர்ந்தான் எவெலியோ. அரசியின் உயிரும் தன் மானமும் இனித் தன் இரு இமைகளில் என்றுணர்ந்து, எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாள் உருவுவதுபோல் விரித்தான். மூதரசர் நாற்பத்தொருவரும் ஒருங்கே வரினும் இன்று அஞ்சேன் என்று வானும் வாழைத்தோட்டமும் கேட்கச் சூளுரைத்து, ஆர்வன்மேல் பாய்ந்தான்.

ஆறாவது மன்னனிலேயே தூங்கிவிட்டான்.