குழி தெளிவாகத் தெரிய வேண்டும்

புகார் எண்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை தெருவுக்கு ஒருவராவது உண்டு. மேற்கு மாம்பலத்தில் இட நெருக்கடியைப் பொருட்படுத்தாமல் சந்துக்கு இரண்டு பேர்கூட இருக்கிறார்கள். முன்பெல்லாம் இவர்கள் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக்கொண்டு சாதுவாக வாழ்ந்துவந்தார்கள். குப்பை, விளக்கு, குழி, நாய், கொசு எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் அடக்கி, 'படம் எடுங்கள், ஏற்றுங்கள், எண் பெறுங்கள்' என்று மாநகராட்சி நிர்வாகம் ஒரு செயலியை விட்டதே, அன்றிலிருந்து இனம் பெருகிவிட்டது.

அடையாளம் காண்பது எளிது. நடக்கும்போது தலை குனிந்திருக்கும். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நடைபாதையில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். மாலை ஆறரைக்குத் தலை நிமிரும். அது பக்தி அல்ல, தெருவிளக்கு. விளக்கு எரிந்துவிட்டால் முகம் லேசாக வாடும். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தார் என்றால் ரசம் வருவதற்குள் உங்கள் மூக்குக்கு நேரே ஒரு சாக்கடைப் படம் வந்துவிடும். "இது போன வாரம். இப்ப பாருங்க" என்று விரலால் தள்ளுவார். அடுத்த படத்திலும் அதே சாக்கடைதான். ஆனால் அடியில் பச்சை எழுத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று இருக்கும். சாக்கடை கிடக்கட்டும், அந்தப் பச்சைதான் விஷயம்.

நாம் இன்று பார்க்கப்போகிறவர் அபிராமபுரத்துச் சிதம்பரநாதன். வயது அறுபத்து நான்கு. ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் புத்தகங்களுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். புத்தகமே தொலைந்துபோனாலும் எண் பத்திரமாக இருந்தால் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர் கையில் செயலி கிடைத்ததும் என்ன ஆகும்? இரண்டு வருஷத்தில் தொண்ணூற்றொன்பது புகார்கள், தொண்ணூற்றொன்பதும் பச்சை. கடைசி நாலு இலக்கத்தைச் சொன்னால் போதும், எந்தத் தெரு, எந்தக் கம்பம், என்ன கிழமை என்று சொல்லிவிடுவார். பேத்தியின் பிறந்த நாளுக்கு மட்டும் மனைவி பங்கஜம் ஞாபகப்படுத்த வேண்டும்.

"சமையலறைக் குழாய் ஆறு மாசமா சொட்டுது, அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள் பங்கஜம்.

"வீட்டுக் குழாய்க்கு அதுல கேட்டகிரி இல்லையே" என்பார் இவர். கிண்டலாகச் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

டிசம்பர் மாதம் வார்டு ஆபீஸில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். குடியரசு தினத்துக்குள் தீர்க்கப்பட்ட புகார்கள் நூறு எட்டுகிறவருக்குக் கொடியேற்று விழாவில் 'டிஜிட்டல் நற்குடிமகன்' சான்றிதழ். நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் உழைத்ததற்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரமும் கால் கிலோ மைசூர்பாகும்தான். சான்றிதழ் என்று ஒன்று அவர் பெயருக்கு இதுவரை வந்ததில்லை. இன்னும் ஒரே ஒரு பச்சை வேண்டும். அந்த ஒன்று தெருமுனையில் தயாராக இருந்தது.

தெருமுனையில் தேவானையின் இஸ்திரி வண்டி. தேவானை முன்பு ஆற்றோரக் குடிசையிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தவள்; குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகு தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். வண்டிக்குப் பக்கத்தில் மழைநீர் வடிகால். அதன்மேல் மூடியிருந்த சிமெண்டுப் பலகை, அடைமழை நாளில் தண்ணீர் லாரி ஏறியதில் இரண்டாகப் பிளந்து உள்ளே போய்விட்டது. ஓர் ஆளின் கால் தொடைவரை இறங்கும் ஆழம், கீழே கறுப்புத் தண்ணீர்.

தேவானை அன்றைக்கே மேலே இருந்த புங்க மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, சிவப்புத் துணியைக் கட்டி, குழிக்குள் நட்டுவைத்தாள். அவள் யாரிடமும் எண் வாங்கவில்லை. தெருவே அந்தக் கிளையைப் பார்த்து ஒதுங்கிப் போகப் பழகிவிட்டது.

இதில் இன்னொரு விவரமும் உண்டு. முந்தின வடிகால் வேலையில் மிஞ்சிய நாலு சிமெண்டுப் பலகைகள், குழியிலிருந்து பத்தடி தள்ளி, மூலை அடுக்குமாடியின் மதிலில் சாய்ந்து கிடந்தன. சிதம்பரநாதனுக்கு அவற்றை நன்றாகத் தெரியும். 'நடைபாதையில் இடையூறு' என்று அவரே படம் எடுத்துப் போட்டிருக்கிறார். அது அறுபத்தோராவது புகார். தீர்க்கப்பட்டது.

நூறாவது புகாரைப் பொறுக்கி எடுத்த நல்முத்தாக நினைத்துக் குழியைப் படம் பிடித்து ஏற்றினார். செயலியில் இப்போது படத்தைப் பார்த்துத் தானாகவே துறை பிரிக்கும் வசதி வந்திருக்கிறது. அது படத்தைப் பார்த்தது. 'குழி காணப்படவில்லை. மரக்கன்று காணப்படுகிறது. பசுமைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது' என்றது. இரண்டாம் நாள் பசுமைப் பிரிவிலிருந்து ஓர் ஊழியர் வந்தார். ஒரு குடம் தண்ணீரைக் கிளையின் அடியில் ஊற்றினார், படம் எடுத்துக்கொண்டார், போனார். 'மரக்கன்றுக்கு நீர் ஊற்றப்பட்டது. புகார் தீர்க்கப்பட்டது. திருப்தியா?'

சிதம்பரநாதன் நேர்மையானவர். இல்லை என்று அழுத்தினார். மறுபடி புகார் திறந்தது. மறுபடி அந்த ஊழியர் வந்தார். இந்தத் தடவை இரண்டு குடம்.

"இன்னா சார், உன் கவர்மெண்ட்டு என் கெளைக்கு டெய்லி தண்ணி ஊத்துது? பூ பூக்கட்டும்னு பாக்குதா?" என்றாள் தேவானை.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி, பொறுக்க முடியாமல் உதவிப் பொறியாளருக்கே போன் போட்டார். தீபிகா என்று ஓர் இளம்பெண். சுவரில் மாட்டிய திரையில் எந்த வார்டில் எத்தனை புகார் நிலுவை என்று மேலதிகாரிகள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதால், போனை எடுக்கும்போதே மூச்சு வாங்கும் பெண்.

"அந்தக் குழி எனக்கே தெரியும் சார். டெய்லி அந்தப் பக்கமாதான் வரேன். ஆனா போட்டோல கிளை இருக்கிறவரைக்கும் சிஸ்டம் எங்களுக்கு அனுப்பாது. எங்களுக்கு வரலைன்னா நான் ஆள் விட முடியாது சார்."

"நீங்கதான் நேர்ல பாத்திருக்கீங்களேம்மா."

"நான் பாத்தா செல்லாது சார். குழி தெளிவாத் தெரியற மாதிரி ஒரே ஒரு போட்டோ போடுங்க. அன்னிக்கே முடிச்சுடறேன்."

இருவரும் நல்லவர்கள். இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குச் சிதம்பரநாதன் குழியருகே நின்றார். வெயில் சரியான கோணத்தில் விழுந்துகொண்டிருந்தது. தேவானை துணி வாங்கிவரக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் கிளையில் கை வைத்ததைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சார், எட்த்தா திருப்பி நட்டு வெச்சுடு. மறந்துடாத."

"ஒரு நிமிஷம்மா. ஒரே போட்டோ."

கிளையைப் பிடுங்கி மதில்மேல் சாய்த்தார். முதல் படத்தில் அவர் நிழல் விழுந்துவிட்டது. இரண்டாவதில் செருப்பு வந்துவிட்டது. மூன்றாவது அருமையாக வந்தது. நூல் பிடித்ததுபோல் நாலு ஓரமும் தெரிய, நடுவில் கறுப்பாகக் குழி, இலை தழை எதுவும் இல்லை. அவர் எடுத்ததிலேயே சிறந்த படம் அதுதான். ஏற்றினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தெருமுனையில் எப்போதும் சிக்னல் மோசம். வீட்டு வாசலில் வைஃபை கிடைக்கும் என்று நாற்பதடி நடந்து கேட் அருகே வந்து நின்றார். ஓடிபி வந்தது. போட்டார். வட்டம் மறுபடி சுற்றியது.

"வழி வுடு சார்" என்று ஒரு குரல் கேட்டது. தலை நிமிராமல் ஒதுங்கினார். தேவானை அவர் வீட்டிலிருந்தே, பங்கஜம் கட்டிக்கொடுத்த துணி மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மூட்டை பெரிது; காலடி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஆறு வாரமாக அந்த இடத்தில் கண்ணோரம் ஒரு சிவப்புத் துணி தெரியும், கால் தானாக விலகும்.

எண் வந்துவிட்டது. சரியான துறை. அவர் கடைசி நாலு இலக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் சத்தம் கேட்டது.

ஆட்டோ ஸ்டாண்டு டில்லிபாபு முதலில் ஓடினான். "யார்ரா கெளைய எட்த்தது?" என்று அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. சிதம்பரநாதன் போய்ச் சேர்ந்தபோது தேவானையின் வலது கால் தொடைவரை உள்ளே இருந்தது. அவருடைய வெள்ளை வேட்டி இரண்டு, கறுப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவர் கெட்டவர் இல்லை. பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷப் பழக்கம் கண்ணீரைக் கேட்டா நடக்கும்? கை தன்பாட்டுக்குக் கைப்பேசியைத் தூக்கிவிட்டது.

தேவானை அண்ணாந்து பார்த்தாள். "போட்டோ அப்பால எடு சார். கைய குடு."

கைப்பேசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைக் கொடுத்தார்.

அவளைத் தூக்கி உட்கார வைத்ததும், டில்லிபாபுவும் பக்கத்துக் கட்டடத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மதிலில் சாய்ந்திருந்த பலகைகளில் ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அது கார்ப்பரேஷன் சொத்துப்பா, நாம தொடக் கூடாது" என்றார் சிதம்பரநாதன்.

"ஆபீசர் வந்தான்னா என் பேர சொல்லு சார். இப்ப அந்தாண்ட போ, காலு மேல வுழுந்துடப் போவுது."

ஏழு நிமிஷத்தில் குழி மூடியாயிற்று. பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த வடிகாலுக்கென்றே வார்த்ததுதானே.

பதினொன்றே முக்காலுக்கு, வாக்குத் தவறாமல், தீபிகா ஆள் அனுப்பினாள். வந்தவர் பலகையைப் பார்த்தார், ஒரு தடவை ஏறி மிதித்தார், படம் எடுத்தார். கைப்பேசியில் மணி அடித்தது. 'புகார் தீர்க்கப்பட்டது. எடுத்துக்கொண்ட நேரம்: 1 மணி 46 நிமிடம். திருப்தியா?'

சிதம்பரநாதன் ஊஞ்சலில் உட்கார்ந்து அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் பார்த்தார். ஆம் என்றால் நூறு. இல்லை என்றால் தொண்ணூற்றொன்பது, அந்தப் பெண்ணிடம் மேலதிகாரிகள் விளக்கம் கேட்பார்கள். நடந்தது இது, கிளையை எடுத்தது நான், கல்லைப் போட்டது அவர்கள் என்று எழுதுவதற்கு அந்தத் திரையில் இடம் இல்லை.

"என்ன யோசனை? கல்லுதான் போட்டாச்சே" என்றாள் பங்கஜம்.

"போட்டாச்சு."

"யார் போட்டா?"

அவர் ஆம் என்று அழுத்தினார். ஐந்து நட்சத்திரம் கேட்டது. நாலு கொடுத்தார். அந்த ஒரு நட்சத்திரம்தான் அன்றைக்கு அவருடைய மனசாட்சி.

குடியரசு தினத்தன்று வார்டு ஆபீஸ் வாசலில் கொடி ஏறியது. மிட்டாய் கொடுத்தார்கள். 'தொழில்நுட்பத்தால் விரைவுபெற்ற மக்கள் சேவை' என்ற தலைப்பில் திரையில் இரண்டு படங்கள் காட்டினார்கள்: முன்பு, பின்பு. முன்பு என்ற படத்தின் தெளிவைப் பார்த்துப் பின்வரிசையில் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். தீபிகா அவர் பக்கம் பார்க்கவில்லை. அவரும் அவள் பக்கம் பார்க்கவில்லை. சான்றிதழில் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது தேவானை வண்டியருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்று தேய்க்கவேண்டிய வேலை அது. வலது கால் கட்டோடு இன்னொரு ஸ்டூலின்மேல் நீட்டியிருந்தது.

"இன்னா சார் அது கைல?"

"சர்டிபிகேட்."

"இன்னாத்துக்கு?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "இந்தக் கல்லுக்கு" என்றார்.

தேவானை கல்லைப் பார்த்தாள், சான்றிதழைப் பார்த்தாள். "நல்லா கீது. லேமினேசன் போட்டு வெச்சுக்கோ சார், தண்ணி பட்டா பூடும்" என்றாள். பிறகு வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "உன் வேட்டி ரெண்டும் கீது. அன்னிக்கு சாக்கடைல வுழுந்துச்சுல்ல, மூணு வாட்டி தொவச்சேன். கறை பூட்ச்சு."

சான்றிதழ் ஒரு கையிலும் வேட்டி ஒரு கையிலுமாக வீட்டுக்குப் போனார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கைப்பேசியைப் பையிலேயே விட்டிருந்தார். வழியில் ஒரு தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அவர் நிற்கவில்லை. அன்றைக்கு மட்டும்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். நீங்கள் இந்த இனம் இல்லை, உங்கள் கைப்பேசியில் அந்தச் செயலியே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவானை குழியில் விழுந்த இடத்தைப் படித்தபோது உங்கள் மனம் என்ன செய்தது? கிளையை எடுத்த சிதம்பரநாதன் குற்றவாளியா, போட்டோ கேட்ட தீபிகாவா, கிளையை மரக்கன்று என்று சொன்ன செயலியா என்று உள்ளுக்குள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்ததல்லவா? நிரப்பி முடித்து, யார்மேல் தவறு என்று தீர்ப்பும் எழுதி, பச்சையும் போட்டுவிட்டீர்கள். வீங்கிய காலை வைத்துக்கொண்டு அவள் அன்று சாயங்காலம் இரண்டு பஸ் மாறிப் பெரும்பாக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்பீர்களோ என்று இத்தனை நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.