ஆறு திங்களு

தீர்த்தகிரி ஒரு பெரிய முடிவு எடுத்தார். பெண்டாட்டியிடம் ஆயுசுக்கும் இனி ஒரே ஒரு பொய்தான். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவது.

"அமுது, கெளம்பு. இன்னைக்கு உனக்கு பெங்களூரு பூரா சுத்திக் காட்டறேன். போற வழியில, போன வாரம் தருமபுரியில எடுத்த டெஸ்ட்டோட ரிசல்ட்ட அங்க ஒரு டாக்டர்கிட்ட காட்டிக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அமுதவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது வருஷமா கடத்தூர்ல இருந்து தக்காளி லோடு ஏத்திக்கிட்டுப் போனீங்க. தக்காளி பார்த்த ஊர நான் பார்க்கல. இன்னைக்கு என்ன திடீர்னு?"

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"தக்காளிக்கு இருந்த கொடுப்பினை எனக்கும் வந்துடுச்சாட்டம் இருக்குது."

அவள் வயிற்றில் ஒரு கட்டி. தருமபுரி டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, தீர்த்தகிரியை மட்டும் வெளியே கூப்பிட்டு, "நல்லதாத் தெரியலீங்க" என்றார். இவர் உள்ளே வந்து அவளிடம், "வெறும் கேஸுதான், வாயு" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பெங்களூரு மண்டியில் இருக்கும் பழைய சிநேகிதர் சிவண்ணாவுக்குப் போன் போட்டு, கன்னடத்தில் அழுதார். பக்கத்தில் அமுதவல்லி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. வெங்காயத்துக்குக் காரம் அதிகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கன்னடம்தான் அவருடைய கோட்டை. அவளுக்குத் தெரியக்கூடாதது எதுவானாலும் போனில் கன்னடமாகிவிடும். பாவம், அவளுக்கு ஒரு எழுத்துப் புரியாது என்பது அவருடைய இருபத்தைந்து வருஷத்து நம்பிக்கை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழில் ஆரம்பித்தார். தீர்த்தகிரி இரண்டு கையையும் கூப்பினார். "கன்னடதல்லே ஹேளி ஸார். அவளிகெ கொத்தாகபாரது." கன்னடத்திலேயே சொல்லுங்கள், அவளுக்குத் தெரியக்கூடாது.

டாக்டர் அமுதவல்லியை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆபரேஷன் மாடக்காகல்ல. ஜாஸ்தி அந்தரே, ஆறு திங்களு."

ஆபரேஷன் செய்ய முடியாது. மிஞ்சிப் போனால் ஆறு மாசம்.

வெளியே வந்ததும் அமுதவல்லி கேட்டாள். "திங்களு, திங்களுன்னாரே. என்னங்க அது?"

தீர்த்தகிரிக்கு அவசரமாக ஒரு பொய் வேண்டியிருந்தது. தீர்த்தமலை சாமிதான் கைகொடுத்தார் என்று சொல்ல வேண்டும். "அதுவா? திங்கக்கிழமை! ஆறு திங்கக்கிழமை மாத்திரை சாப்பிட்டா கேஸ் ஓடிப்போயிடுமாம்."

"மத்த கிழமையில?"

"மத்த கிழமையில... கேஸுக்கு லீவு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஊர் சுற்றல் ஆரம்பமாயிற்று.

சட்டசபை நடக்கிற விதான சவுதாவைப் பஸ்ஸிலிருந்தே காட்டினார். "இத யாருங்க கட்டினது?" என்றாள் அவள்.

"திப்பு சுல்தான்."

மார்க்கெட் பக்கத்தில் மர அரண்மனை. "இது?"

"இதுவும் திப்புதான்." இது ஒன்று சரி.

தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடியது. "அப்ப அது?"

"அவருதான், அவருதான்." புத்தி வேறெங்கோ இருந்த மனுஷருக்கு அன்றைக்கு எதைக் கேட்டாலும் திப்புதான்.

பசவனகுடி நந்தி கோயிலில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. அந்தக் கதை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். "இது வளர்ந்துக்கிட்டே இருந்துச்சாம் அமுது. அப்புறம் நெத்தியில ஒரு சூலத்த அடிச்சாங்களாம். வளர்றது நின்னுபோச்சாம்."

அமுதவல்லி நந்தியின் முன்னால் கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பிறகு கேட்டாள். "வளர்ற ஒண்ண அப்படி அடிச்சு நிறுத்திட முடியுங்களா?"

"சூடத்தத் தொட்டுக் கும்பிடு. நேரமாச்சு" என்றார் தீர்த்தகிரி.

லால்பாக்கில் கண்ணாடி மாளிகையைப் பார்த்துவிட்டு, கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தப் பாறைக்கு வயசு முந்நூறு கோடி வருஷம் என்று பலகையில் எழுதியிருந்தது. அவர் படித்துச் சொன்னார்.

"அத்தன வயசா? அப்ப இது எந்த ஆஸ்பத்திரிக்கும் போயிருக்காது" என்றாள் அவள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வேர்க்கடலைக் கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றாள். "கடலேகாய் பேகா அம்மா?"

அமுதவல்லி நிமிர்ந்து, தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள். "பேடம்மா. ஹொட்டெ நோவு. டாக்டரு ஆறு திங்களு அந்தித்தாரெ."

வேண்டாம்மா, வயிற்று வலி. டாக்டர் ஆறு மாசம் என்றிருக்கிறார். கடலைக்காரி அவள் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு நகர்ந்தாள்.

தீர்த்தகிரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "அமுது... உனக்கு எப்படி கன்னடம்?"

"எனக்குத் தெரியக்கூடாதத பூரா அதுலதான பேசினீங்க? நான் தெரிஞ்சுக்கவேண்டியது பூரா அதுலதான இருந்துச்சு. ஒசூர்ல சீட்டாட்டத்துல மோதிரத்த வுட்டது வரைக்கும் தெரியும்."

"அடிப்பாவி!"

"ஆறு திங்கக்கிழமைன்னா ஒன்றரை மாசம். டாக்டரு ஆறு மாசம் குடுத்தாரு. மிச்சம் நாலரை மாசத்த எங்க ஒளிச்சு வெச்சீங்க?"

அவ்வளவுதான். அத்தனை ஜனம் நடமாடுகிற பாறையில் அந்த மனுஷர் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு பாதி, அழுகை பாதி. அப்புறம் அழுகை மட்டும். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார். "சரி, நமக்குள்ளயே இருக்கட்டும் அமுது. சேலத்துல மலர்விழிக்கு மட்டும் தெரியவேண்டாம். பொண்ணு தாங்கமாட்டா."

"நீங்க சிவண்ணாகிட்ட அழுத அன்னைக்கே அவளுக்குச் சொல்லிட்டனே" என்றாள் அமுதவல்லி. "நமக்குத் தெரியுங்கறது அப்பாவுக்கு மட்டும் தெரியவேண்டாம், தாங்கமாட்டாருன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம்."