மச்சான், என் அழுகையை வெட்டச் சொல்லுங்கள்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் பல்வலி நீங்கலாக நலம். அங்கே தாங்கள் மூட்டுவலி உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மருமகளின் சமையலைப் பற்றித் தாங்கள் போன கடிதத்தில் எழுதியிருந்ததற்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நிற்க. தங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். ஒரு படத்தில் நான் வருகிற இடத்தை வெட்டி எறியச் சொல்லி, தலைமையாசிரியர் தோரணையில் ஒரு கடுமையான கடிதம் எழுத வேண்டும். தடுத்து நிறுத்துவதில் தங்களைவிடக் கைதேர்ந்தவர் நம் குடும்பத்தில் கிடையாது. அந்தக் காலத்தில் குடையும் கையுமாக ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போய், "எங்க குடும்பத்துப் பேரு திரையில வரக் கூடாது" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்ததில், தங்கள் தங்கையின் பெயர் கடைசிவரை ஒரு படத்திலும் வரவில்லை. அந்தத் திறமையை எனக்காக இன்னொரு தடவை காட்டினால் போதும்.

விஷயம் இதுதான். அவள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் கழித்து அவளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு கோஷ்டி வந்து இறங்கியிருக்கிறது. வரலாறு மறந்துபோன பெண்களைத் தேடிப் பிடித்துப் படம் எடுப்பவர்களாம். தங்கள் தங்கை வருவதற்கு முன்னால் சினிமாவில் கதாநாயகிகளுக்குப் பின்னணியில் அலறிக்கொண்டிருந்தவர் மீசை வைத்த ஓர் ஆர்மோனியக்காரர் என்பதே எனக்கு இவர்கள் சொல்லித்தான் தெரியும். பெண்ணுக்குப் பெண்ணே அலறலாம் என்று முதன்முதலில் மைக் முன்னால் போய் நின்றவள் அவள்தானாம். கிணற்றில் விழுந்தவளுக்குக் கத்தியதும், பேய்க்குச் சிரித்ததும், கைக்குழந்தைக்கு அழுததும் எல்லாம் ஒரே தொண்டை. 'முன்னோடி' என்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உடனே இயக்குநர் பெண், "சார், கொஞ்சம் சோகமா உக்காருங்க" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. உறுமுகிறது என்று ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள், திரும்பப் போட மறந்தார்கள், பால் திரிந்தது, அந்தப் பாலில் போட்ட காபியைக் குடித்த கேமராக்காரர் பாதி நாள் என் கழிவறையிலேயே குடியிருந்தார், வெளிச்சம் வரக் கூடாது என்று ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினார்கள், அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் நான்தான் போய்விட்டேன் என்று முடிவுகட்டி மாலையோடு படியேறி வந்தார், கதவைத் திறந்த என்னிடமே எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார், நானும் படம் எடுப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் என்றேன். அவரைக் கீழே வரைக்கும் கொண்டுபோய் விடலாம் என்று எல்லோரும் இறங்கினோம், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, சாவி வழக்கம்போல உள்ளே. பூட்டுக்காரர் வரும்வரை மொத்தக் கோஷ்டியும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. அவள் இருந்தால் என்னை இப்படி உட்கார விடமாட்டாள் என்று சொன்னேன். அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். பிறகுதான் மானம் போயிற்று. மடிக்கணினியை என் முன்னால் வைத்து, பழைய படங்களிலிருந்து நாலைந்து அலறல்களை வரிசையாகப் போட்டு, இதில் உங்கள் மனைவி எது என்று கேட்டார்கள். இதுகூடவா தெரியாது என்று நான் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது அலறல் வந்தது பாருங்கள், மச்சான், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "இவதான், இவளேதான்" என்று தேம்பித் தேம்பி அழுதேன். இயக்குநர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேமராக்காரர்கூட வயிற்றைப் பிடித்தபடி அழுதார். ஒலிப்பதிவுக்காரர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அது அந்த ஆர்மோனியக்காரராம்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, மீசைக்காரர் ஒருவரின் குரலுக்கு நான் விக்கி விக்கி அழுததைப் படத்தில் வைப்பேன் என்கிறாள் அந்தப் பெண். அதுதான் படத்துக்கே உயிராம். தங்களையும் பேட்டி எடுக்க வேண்டுமாம். வில்லன் இல்லாமல் படம் எடுபடாதாம்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு உள்ளே அறுப்பது வேறு. மறுநாள் பதிவு இருந்தால் தொண்டையைக் காப்பாற்ற அவள் வீட்டில் வாயே திறக்கமாட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் காபி, இரண்டு தட்டினால் சாப்பாடு, விடாமல் தட்டினால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன். அனேகமாக எல்லா நாளுக்கும் மறுநாள் பதிவுதான். நானும் பெரிய மனது பண்ணிப் பதிலுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் கேட்ட குரலை நான்தான் குறைவாகக் கேட்டிருக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் கரண்டிச் சத்தம் வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் படங்களிலும் அவள் யாருக்காகவோ அழுகிறாள், யாருக்காகவோ சாகிறாள். தனக்காக ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அவள் சாதாரணமாகப் பேசிக் கேட்க வேண்டும், மச்சான். திட்டினாலும் சரி. அது இனி எங்கே கிடைக்கப் போகிறது? அதனால்தான் சொல்கிறேன், அந்தப் படமும் வேண்டாம், அந்த அழுகையும் வேண்டாம். தாங்கள் ஒரு மிரட்டல் கடிதம் போட்டால் அந்தப் பெண் அடங்கிவிடுவாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். மருமகளுக்கும் அவள் கையால் உண்டு உயிர்பிழைத்திருக்கும் அனைவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும் மைத்துனன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் எந்தக் கடிதமும் எழுதிவிடாதீர்கள். இதைத் தபாலில் போடலாம் என்று கிளம்பினேன். வாசலிலேயே அந்த ஒலிப்பதிவுக்காரர் எதிரே வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் நேரே ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிவிட்டார். எந்தப் படத்திலும் சேர்க்காத பழைய ஒலிநாடாவாம். முதலில் கிணற்றில் விழுகிற அலறல். அது முடிந்தும் யாரோ இயந்திரத்தை நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். கொஞ்சம் இருமல். அப்புறம்:

"சரியா வந்துச்சா? இன்னொரு தடவை வேணும்னா சீக்கிரம் சொல்லுங்க. அவரு இன்னைக்கும் சாவியை வீட்டுக்குள்ளயே விட்டுட்டுப் போயிருக்காரு. பாவம், படியில உக்காந்திருப்பாரு."

பிறகு செருப்புச் சத்தம். அவ்வளவுதான். இது யார் என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன், முகம் சுளிக்காமல் போட்டார். என் அழுகையை வெட்ட வேண்டாம், மச்சான், மீசைக்காரருக்காக அழுததும் இருந்துவிட்டுப் போகட்டும். இவர்கள் படம் இந்தக் குரலில்தான் முடியப்போகிறதாம். அதற்கு அப்புறம் திரையில் அவள் பெயர் மட்டும் தனியாக வருமாம். அதைத் தாங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குடையைக் கொண்டுவர வேண்டாம்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். ஹெட்ஃபோனோடு நின்றதில் கதவு சாத்திக்கொண்டதைக் கவனிக்கவில்லை. சாவி உள்ளே இருக்கிறது. பூட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பலாம், ஆனால் இப்போதைக்கு மனமில்லை. படியில் உட்கார்ந்திருக்கிறேன்.