குமிழ் சுத்துதான்னு பாருங்க, அத்தை

மதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கு உங்கள் முழங்கால், மாமாவின் பிரஷர், தையல் கடை மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் "சாப்பிட்டீங்களா" என்று ஆளுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் மூச்சு விடுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் கடிதம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, இரண்டு பக்கத்துக்கு: பிலிம் போட்டுப் படம் எடுக்கப் பழக வேண்டும், புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு எந்த எஸ்.எல்.ஆர் கேமரா தோதாக இருக்கும், நீங்க இன்ஜினியர், பார்த்துச் சொல்லுங்க என்பது. இன்னொன்று கடைசிப் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், ஒரே வரி: "அவ கேமராவுல இருக்கிற ரோலைக் கழுவிட்டீங்களா?" முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். இரண்டாவது எங்கும் ஓடிப்போகாது.

தராசு, மீட்டர், தெர்மாமீட்டர் என்று கையில் கிடைக்கிற அளவுக் கருவியை எல்லாம் சரிபார்த்துச் சீல் வைக்கிறது என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மகள் எனக்கு 'மீட்டர்' என்றே பெயர் வைத்திருந்தாள். அளந்து பார்க்காமல் ஒன்றை நல்லது என்று சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதெல்லாம் அளந்தாலும் வருவதில்லை, அது வேறு கதை. ஆகவே பழைய கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் தலைக்கு மேலே 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று தன் முகத்தைவிடப் பெரிய போர்டு வைத்திருக்கிறார். அவர் பெயர் தெரியாது, மனசுக்குள் வாபஸ் என்றே கூப்பிடுகிறேன். "எஸ்.எல்.ஆருன்னா ஒண்ணுமில்ல சார், படம் எடுக்கிற அதே லென்ஸ் வழியா கண்ணாடி வச்சு உங்களுக்கும் காட்டும், நீங்க பார்க்கிறதுதான் பிலிம்ல விழும்" என்று சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்தார். முழுக்க இரும்பு, செங்கல் கனம். பேட்டரி செத்தாலும் ஓடும். கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் ஒரு ஊசி ஆடும், ஊசி நடுவில் நின்றால் வெளிச்சம் போதும் என்று அர்த்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலைப் பார்த்தேன், ஊசி சரி. சுவர், சரி. தரை, சரி. ஜன்னலோரம் அவள் உட்கார்கிற நாற்காலியைப் பார்த்தேன், ஊசி திடுக்கென்று மேலே ஏறியது. வெள்ளை உடுப்புப் போட்ட ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு. கண்ணை எடுத்துப் பார்த்தேன், காலி நாற்காலி. மறுபடி கண்ணை வைத்தேன், மறுபடி ஏறியது. மறுநாள் வாபஸிடம் போனேன்.

"என்ன சார், ஊசி பொய் சொல்லுதா?"

"ஒரே ஒரு நாற்காலியப் பார்த்தா மட்டும் சொல்லுது."

"அப்ப நாற்காலிய மாத்துங்க சார். இதே கேமராவ எத்தனை பேர் வச்சு ஓட்டியிருக்காங்க!"

சரி, ஒன்றை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று இரண்டாவதையும் வாங்கினேன். அது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிற வகை, நாம் பட்டனை அழுத்தினால் போதும், சில சமயம் அழுத்தவே வேண்டாம் என்பது லிஃப்டில்தான் தெரிந்தது. பைக்குள் எதுவோ இடித்து, பத்து விநாடி கழித்துத் தானாகப் படம் எடுக்கிற டைமர் ஓட ஆரம்பித்துவிட்டது. பீப், பீப், பீப். லிஃப்டில் எட்டுப் பேர். முதலில் எல்லோரும் என்னை வெடிகுண்டு மாதிரி பார்த்தார்கள். நான் பையைத் திறந்து கேமராவை எடுத்ததும் எட்டுப் பேரும் நிமிர்ந்து நின்றார்கள், ஒரு அம்மா தலையைக் கோதிக்கொண்டார், ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். டக். வயிற்றை விட்டுவிட்டு அவர் கேட்டார்: "நல்லா வந்துச்சா?" நான் உண்மையைச் சொன்னேன், உள்ளே பிலிம் இல்லை என்று. "பிலிம் இல்லாம எதுக்குப்பா படம் எடுக்கிறே?" என்றார். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது, இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து இதையும் நாற்காலிப் பக்கம் திருப்பினேன். அதே ஏற்றம்.

மூன்றாவது கேமராவில் கண் வைக்கிற இடத்து ரப்பர் வயசாகி உருகிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. காலையில் அவசரமாக ஒரு தடவை பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். வலது கண்ணைச் சுற்றி வட்டமாகக் கறுப்பு மை, யாரோ கும்மாங்குத்து விட்ட மாதிரி. சாயங்காலம் வரைக்கும் ஆபீஸில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை அத்தை! பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, தானாக விட்ட குத்தாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். மேனேஜர் மட்டும் ஒரு டீ வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தக் கேமராவையும் நாற்காலியிடம் காட்டினேன். ஏறியது. எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு: ஒரு கருவி தப்புக் காட்டினால் கருவியைத் திருத்து, மூன்று கருவி ஒரே தப்பைக் காட்டினால் தப்பு கருவியில் இல்லை. அதற்கு மேலே அந்தப் பாடத்தில் எதுவும் எழுதியிருக்காது.

இனிமேல் அந்தப் பென்சில் வரி.

அத்தை, நான் அந்த ரோலைக் கழுவக் கொடுக்கல. அவ கேமரா அலமாரியில, அவ துணிக்கு நடுவுலதான் இருக்கு. மேலே சின்ன ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை, அதுல எத்தனாவது படம்னு எண் தெரியும். நீங்களும் மாமாவும் எல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு அது இருபத்தொன்பதுல நின்னுது. மொத்தம் முப்பத்தாறு. ஏழு பாக்கி. அந்த ஏழை நான் தொடறதில்லைன்னு முடிவு பண்ணினேன். ஏழு பாக்கி இருக்கிற வரைக்கும் அவ வேலை முடியல, நடுவுல எழுந்து போயிருக்கா, அவ்வளவுதான். யாராவது கேட்டா பைத்தியம்பாங்க, ஆனா ஆபீஸ்ல ரிப்போர்ட் முடியலைன்னா நாமளும் அப்படித்தான் சொல்றோம். தினம் காலையில அலமாரியத் திறப்பேன், இருபத்தொன்பதைப் பார்ப்பேன், மூடுவேன். அஞ்சு மாசம் அப்படியே ஓடுச்சு.

அந்தச் செங்கல் கேமராவ வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் பார்க்கிறேன், முப்பத்தொன்று.

நான்தான் ஞாபகமில்லாம கையை வச்சிருப்பேன்னு நினைச்சேன். பிலிமை நகர்த்துற லீவரை, உங்க மகளோட தையல் டப்பாவுல இருந்த சிவப்பு நூலால கேமராவோட சேர்த்துக் கட்டி, ஆபீஸ்ல சீல் வைக்கிறப்பப் போடற என் முடிச்சைப் போட்டேன். ரெண்டாவது கேமரா வந்துச்சு. முடிச்சு அப்படியே இருக்கு, எண் முப்பத்திமூணு. ஆபீஸ் படிவத்தையே ஒண்ணு எடுத்து எழுதினேன்: 'பிழை, கூடுதல் இரண்டு. காரணம், தெரியவில்லை. சரிபார்த்தவர் கையெழுத்து.' கையெழுத்தும் போட்டேன், போட்டுட்டு அதை யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியாம பிரிட்ஜ் மேல வச்சேன். மூணாவது கேமரா வந்ததுக்கு அப்புறம் ஒரு நாள் காலையில பல் துலக்கிட்டு இருக்கேன், வாய் நிறைய நுரை, அலமாரிக்குள்ள இருந்து 'டக்'னு ஒரு சத்தம். அத்தை, உங்களுக்குத்தான் தெரியுமே, நான் கேவலமா இருக்கிற நேரமாப் பார்த்துத்தான் அவ எடுப்பா. நான் பழக்கதோஷத்துல திரும்பி, "இரு இரு, வாயக் கழுவிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம்தான் குழாயை மூடினேன். போய் அலமாரியத் திறந்தேன், முப்பத்தஞ்சு.

இன்னைக்குக் காலையில முப்பத்தாறு. நூல் அப்படியே இருக்கு. இனிமே காப்பாத்தறதுக்கு எதுவும் இல்லைன்னு தெரிஞ்சதும் பயம் போயிடுச்சு. முடிச்சை அறுத்தேன். எடுத்து முடிச்ச பிலிமைத் திரும்ப அதோட டப்பாவுக்குள்ள சுத்திட்டுத்தான் கேமராவோட முதுகைத் திறக்கணும், இல்லைன்னா வெளிச்சம் பட்டு எல்லாம் அழிஞ்சிடும். அதுக்கு இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கு. அடியில பட்டனை அழுத்திட்டுக் குமிழைச் சுத்தினேன். கையில கனமே இல்ல. காத்தைச் சுத்தற மாதிரி சுத்துது. திறந்தேன். பிலிம் நாக்கை நீட்டிக்கிட்டு, டப்பாவுல இருந்து வந்தது வந்தபடியே கிடக்கு. ஒரு படம் கூட நகரல. முப்பத்தாறும் எடுக்கவே படல அத்தை.

எப்படின்னு உடனே புரிஞ்சுது. அந்த ரோலைப் போட்டது நீங்க. அவ விரல்ல தெம்பு இல்ல, என்னைக் கூப்பிட்டா நான் ஸ்கேலோட வருவேன்னு உங்களைக் கூப்பிட்டா. தலையணையில சாஞ்சுக்கிட்டு, "அம்மா, அந்த நாக்கை இழுத்து இந்த உருளையில இருக்கிற இடுக்குல சொருகு"ன்னா. நீங்க, "நீ சும்மா கிடடி, முப்பது வருஷமா தையல் மிஷின்ல பாபின் மாட்டறேன், எனக்குச் சொல்லித்தர வந்துட்டா"ன்னு சொல்லி டக்குனு மூடினீங்க. பாபினுக்கு நூல் முனைய வெளிய விட்டுத்தானே மூடணும். கை அதே பழக்கத்துல செஞ்சிடுச்சு. பிலிம் முனைய இடுக்குல சொருகலைன்னா உருளை மட்டும் தனியா சுத்தும், பிலிம் இடத்த விட்டு அசையாது. ஆனா எண் ஏறும், ஏன்னா அது எண்ணறது படத்தை இல்ல, லீவரை எத்தனை தடவை இழுத்தோம்கிறதை.

பிலிம் நிஜமா ஓடுச்சுன்னா அந்த இடது பக்கக் குமிழ் கூடவே சுத்தும். அவ முதல் தடவை லீவரை இழுத்தப்ப அந்தக் குமிழைத்தான் பார்த்தா. அவ பார்த்ததை நான் பார்த்தேன், குமிழை நான் பார்க்கல, தெர்மாமீட்டரை உதறிட்டு இருந்தேன். அப்புறம் உங்க மூஞ்சியப் பார்த்தா. நீங்க பெருமையா நின்னீங்க. "சூப்பர்மா, இனிமே நீதான் என் அசிஸ்டென்ட்"னா. ஒரு டம்ளரை நான் இடம் மாத்தி வச்சாலே கத்தறவ, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறம் பன்னிரண்டு நாள் நம்மளை மாத்தி மாத்தி இருபத்தொன்பது தடவை எடுத்தா, உள்ள ஒண்ணும் விழலைன்னு தெரிஞ்சே. "மீட்டர், இந்தப் பக்கம் பாரு. அம்மா, மூக்கைத் துடைச்சிட்டு இங்க பாரு." அப்பத்தானே அத்தை நாம ரெண்டு பேரும் சுவத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு அவளை நேராப் பார்த்தோம். லிஃப்ட்ல அந்த ஆள் கேட்டதுக்கு இதுதான் பதில். அவரை இனிமே எங்க போய்ப் பிடிக்கிறது?

நீங்க அழுதா அழுதுக்கங்க, ஆனா உங்க மேல பழி போட்டுக்காதீங்க. அது புதுசா ஆரம்பிக்கிற எல்லாரும் பண்ற தப்பு. பக்கத்துல நின்னு சரிபார்க்க வேண்டியது நான், அதுதான் என் பொழப்பு.

எண் தானா ஏறினதுக்கும் காரணம் கண்டுபிடிச்சிட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல. பிலிம் மாட்டாததால உள்ள இழுவையே இல்ல, எண் சக்கரத்துல பல் தேஞ்சிருக்கு, அலமாரிக் கதவை நான் சாத்துற அதிர்ச்சியில பல்லு நழுவி எண் நகருது. 'டக்'கும் அதே பல்லுதான். நாற்காலிக்குத் தரையில படற வெயில் காரணம். சந்தேகமே இல்ல.

ஆகவே என் சிபாரிசு: அந்தச் செங்கல் கேமராதான் உங்களுக்கு. ஊசிய மட்டும் பார்த்தாப் போதும், பேட்டரி செத்து ஊசி நின்னாலும் படம் எடுக்கும், லென்ஸ் அம்பது மில்லிமீட்டர், கண்ணால பார்க்கிற மாதிரியே தெரியும். நாளைக்கே பார்சல்ல அனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு தடவை லீவரை இழுக்கிறப்பவும் இடது பக்கக் குமிழ் சுத்துதான்னு பாருங்க அத்தை. மத்ததெல்லாம் போகப் போக வந்துடும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, மாத்திரையப் பூனைக்குப் போடறதை நிறுத்தச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேர் ஆசியும் தூரத்துல இருந்தே எனக்கு வேணும்.

இப்பவும் உங்கள்,
மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடுங்க அத்தை. கையெழுத்துப் போட்டுட்டு, வெளிச்சம் படாத அந்த ரோல் வீணாகுதேன்னு அவ கேமராவுலயே திரும்பப் போட்டேன். நாக்கை இடுக்குல சொருகி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து, குமிழ் கூடவே சுத்துதுன்னு உறுதி பண்ணிக்கிட்டு, குமிழ் மேல வெள்ளை மையால உச்சியில ஒரு புள்ளி வச்சேன். எண், ஒண்ணு, அதாவது முதல் படம் இனிமேதான் எடுக்கணும். கேமராவ அவ நாற்காலியில வச்சிட்டு, முதுகைத் திருப்பி கவருக்குப் பசை தடவிட்டு இருந்தேன். டக். எண் இப்ப ரெண்டு. பல்லு நழுவினா எண்தான் நகரும், குமிழ் நகராது. புள்ளி உச்சியில இல்ல, பக்கத்துல சாஞ்சிருக்கு. செங்கல் கேமரா வேணாம், எதுவும் வேணாம், மாமாவையும் கூட்டிட்டு அடுத்த வண்டிக்கே கிளம்பி வாங்க. முப்பத்தஞ்சுதான் பாக்கி இருக்கு. வரும்போது தலைய வாரிட்டு வாங்க அத்தை, இந்தத் தடவை விழும்.